மேட்சா, மேப்பா, நேரலையா: ஈஸ்போர்ட்ஸ் முன்கணிப்புச் சந்தையில் எதைத் தேர்ந்தெடுப்பது?

2024 மார்ச் 31 அன்று, கவுன்டர்-ஸ்ட்ரைக் என்ற கணினித் துப்பாக்கிச் சண்டை விளையாட்டின் பெரிய தொடரான கோபன்ஹேகன் மேஜரின் இறுதிப் போட்டியில் நாவி அணி ஃபேஸ் அணியை 2-1 என்று வென்றது. இந்த ஸ்கோரை மட்டும் பார்த்தால் கடைசி வரை மல்லுக்கட்டிய மேட்ச் என்று தோன்றும். மேப் வாரியாக, அதாவது ஆடிய ஒவ்வொரு களமாகப் பார்த்தால் கதை வேறு. ஏன்ஷியன்ட் என்ற மேப்பில் நாவி 13-9 என்று ஜெயித்தது. மிராஜில் அதே நாவி 2-13 என்று சுருண்டது. இன்ஃபெர்னோவில் 13-3 என்று ஃபேஸைத் தலைதூக்கவே விடவில்லை. அதே நாள், அதே பத்து பேர், மேப் மாறியதும் ஆட்டம் தலைகீழ்.

கவுன்டர்-ஸ்ட்ரைக்கைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு இது புதிதல்ல. ஒரு அணி பலமானதா என்று பொதுவாகக் கேட்பதைவிட எந்த மேப்பில் பலம் என்று கேட்பதுதான் பொருத்தம். ஒரு முடிவின் மீது பங்கு வாங்கி விற்கும் முன்கணிப்புச் சந்தைகளும் அதற்கேற்ப விரிந்துவிட்டன. மேட்சை யார் வெல்வார் என்பதோடு நிற்காமல், முதல் மேப் யாருக்கு, இரண்டாவது யாருக்கு, மூன்றாவது மேப் வருமா, 2-0 என்று முடியுமா என்று தனித்தனிச் சந்தைகள் திறக்கின்றன. ஆக, ஒரு மேட்சைப் பற்றி உங்களுக்கு ஒரு கருத்து இருந்தால் அதை எங்கே வைப்பது என்பதே ஒரு தனி முடிவாகிவிட்டது. அணிகளை ஒப்பிடுவதற்கு முன் சந்தைகளை ஒப்பிட வேண்டும். பலர் இந்தப் படியைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள் என்பதுதான் என் வருத்தம்.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். "நாவி வெல்லும்" என்ற பங்கு, நாவி வென்றால் 1 டாலர் தரும், தோற்றால் பூஜ்யம். அதன் விலை 62 சென்ட் என்றால் நாவிக்கு 62% வாய்ப்பு என்று சந்தை நினைக்கிறது. உங்கள் கணிப்பு 70% என்றால் வாங்குவீர்கள், 55% என்றால் எதிர்ப்பக்கம் போவீர்கள். புக்மேக்கரிடம், அதாவது பந்தயம் நடத்துபவரிடம் பணம் வைப்பதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம், இங்கே எதிரே நிற்பது உங்களைப் போன்ற இன்னொரு ஆள். புக்மேக்கர் சமபலமுள்ள இரண்டு பக்கத்துக்கும் 1.87 மடங்கு கொடுத்தால் அதற்குள்ளேயே ஏறக்குறைய 7% அவர் பங்கு ஒளிந்திருக்கும். சந்தையில் அந்தப் பங்கு கட்டணமாகவும், வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையிலான ஸ்ப்ரெட்டாகவும் கண்ணெதிரே தெரியும். தெரிகிறது என்பதால் அது குறைவு என்று அர்த்தமில்லை. மேப் சந்தைகளில் அது பெரிதாகவே இருக்கும்.

மேட்ச் சந்தை

பெஸ்ட் ஆஃப் த்ரீயில் (மூன்றில் இரண்டு மேப் எடுப்பவருக்கு மேட்ச்) மேட்ச் வெற்றியாளர் சந்தைதான் எல்லோரும் முதலில் போகும் இடம். பணம் அதிகம் புழங்கும், ஸ்ப்ரெட் ஒடுங்கியிருக்கும், நினைத்த நேரத்தில் வெளியே வரலாம்.

இதன் இயல்பைப் புரிந்துகொள்ள ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு அணி ஒவ்வொரு ரவுண்டையும் வெல்ல 55% வாய்ப்பு உண்டு, ஒரு ரவுண்ட் இன்னொன்றைப் பாதிக்காது என்று வைத்துக்கொள்வோம். முதலில் 13 ரவுண்ட் எடுப்பவருக்கு மேப், 12-12 ஆனால் ஓவர்டைம் என்ற இப்போதைய முறையில் அந்த அணிக்கு மேப் கிடைக்க சுமார் 70% வாய்ப்பு. எல்லா மேப்பிலும் அதே 70% என்றால் பெஸ்ட் ஆஃப் த்ரீயில் 78%, பெஸ்ட் ஆஃப் ஃபைவில் 84%. ரவுண்டில் இருந்த சின்ன வித்தியாசம் மேட்சுக்கு வரும்போது இவ்வளவு பெரிதாகிவிடுகிறது.

அதனால் "இந்த அணி பொதுவாகவே மேல், எந்த மேப் வந்தாலும் சமாளிக்கும்" என்பது உங்கள் கருத்தானால் மேட்ச் சந்தையே சரி. 2021 ஸ்டாக்ஹோம் மேஜரில் நாவி ஒரு மேப்கூடத் தோற்காமல் கோப்பை வாங்கியது. அப்படி ஓர் அணி ஓங்கி நிற்கும் காலத்தில் மேப்பைப் பிரித்துப் பார்ப்பதில் கிடைப்பது கொஞ்சம், கூடுதல் செலவு நிறைய.

குறை என்னவென்றால், மேட்ச் விலையை எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு வீரருக்கு உடம்பு சரியில்லை, மாற்று ஆள் ஆடுகிறார் என்ற செய்தி வந்த கொஞ்ச நேரத்தில் விலை நகர்ந்துவிடும். ஊருக்கே தெரிந்ததை வைத்து அங்கே பெரிதாக எதுவும் எடுக்க முடியாது.

தனி மேப் சந்தை

என் பார்வையில் விஷயம் இருப்பது இங்கேதான். ஆனால் இதை ஒரே சந்தையாகப் பார்க்கக் கூடாது. எந்த மேப்புகளில் ஆடுவது என்று அணிகள் முடிவுசெய்யும் கட்டத்துக்கு வீட்டோ என்று பெயர். வீட்டோவுக்கு முன், வீட்டோவுக்குப் பின் என்று இரண்டாகப் பிரிக்க வேண்டும்.

கவுன்டர்-ஸ்ட்ரைக் 2-இல் ஏழு மேப் கொண்ட பட்டியல். பெஸ்ட் ஆஃப் த்ரீயில் இரண்டு அணியும் ஆளுக்கொன்று பேன் செய்யும் (நீக்கும்), ஆளுக்கொன்று பிக் செய்யும் (தேர்ந்தெடுக்கும்), மீண்டும் ஆளுக்கொன்று பேன் செய்யும். மிச்சமிருப்பது டிசைடர், அதாவது மூன்றாவது மேப். ஒரு அணி பிக் செய்த மேப்பில் தாக்கும் பக்கம், தடுக்கும் பக்கம் இரண்டில் எதை முதலில் ஆடுவது என்பதை எதிரணி சொல்லும். டிசைடரில் கத்திச் சண்டையை ஜெயித்தவர் பக்கத்தைத் தேர்ந்தெடுப்பார்.

வீட்டோவுக்கு முன் "முதல் மேப் யாருக்கு" என்று கேட்டால், எந்த மேப் என்றே தெரியாத ஒன்றைப் பற்றிக் கேட்கிறார்கள். அந்த விலை, வரக்கூடிய எல்லா வீட்டோக்களின் சராசரி. அதை வாங்குகிறவர் இரண்டு விஷயங்களைக் கணிக்க வேண்டும். முதலில் வீட்டோ எப்படிப் போகும், அப்புறம் அந்த மேப்பில் யார் ஜெயிப்பார். வீட்டோவை நன்றாகக் கணிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஒரு அணி எந்த மேப்பைக் கண்ணை மூடிக்கொண்டு முதலில் பேன் செய்யும் என்பது பழைய மேட்சுகளைப் பார்த்தால் தெரியும். எதிரணியும் அப்படி ஒரு நிரந்தர பேன் வைத்திருந்தால் இரண்டு மேப் போய்விட்டது, மிச்சம் ஐந்து. அங்கிருந்து பிக்குகளை ஓரளவு ஊகிக்கலாம். இருந்தாலும் அந்த அணிகளின் கோச்சுக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியாது. எதிராளியை ஏமாற்றவே புது மேப்பைத் தயார் செய்து வைத்திருப்பார்கள். அதனால் வீட்டோவுக்கு முந்தைய மேப் சந்தையை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வீட்டோ முடிந்த பின் நிலைமை மாறுகிறது. முதல் மேப் நியூக், அது எந்த அணியின் பிக், எதிரணி எந்தப் பக்கம் எடுத்தது என்பதெல்லாம் தெரிந்துவிட்டது. மேட்ச் தொடங்க இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது. இந்த இடைவெளியில் மேட்ச் விலை சீக்கிரம் திருந்தும். மேப் விலை அவ்வளவு சீக்கிரம் திருந்தாது, ஏனென்றால் அங்கே ஆள் குறைவு. வீடியோக்களை உட்கார்ந்து பார்த்தவர், இந்த அணி நியூக்கில் வெளிப்பக்கம் எப்படி எடுக்கிறது, எதிரணியின் ஸ்னைப்பர் எங்கே நிற்பார் என்று தெரிந்தவர், தன் உழைப்புக்குப் பலன் எதிர்பார்க்கக்கூடிய இடம் இதுதான்.

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். முதல் மேப் அ அணியின் பிக், அதில் அ-வுக்கு 70% வாய்ப்பு. இரண்டாவது ஆ அணியின் பிக், அதில் அ-வுக்கு 45%. டிசைடரில் அ-வுக்கு 55%. மூன்றும் ஒன்றையொன்று பாதிக்காது என்று கொண்டால் அ 2-0 என்று முடிக்க 31.5%, ஆ 2-0 என்று முடிக்க 16.5%, மூன்றாவது மேப் வர 52%. எல்லாம் சேர்ந்து அ அணி மேட்சை வெல்ல 60% வருகிறது.

இப்போது மேட்ச் விலை 60 சென்ட். சந்தை சொல்வதும் நீங்கள் சொல்வதும் ஒன்று, அங்கே உங்களுக்கு வேலையில்லை. ஆனால் அந்த 60-க்குள் 70, 45, 55 என்ற மூன்று எண்கள் இருப்பதைச் சந்தை கவனிக்காமல் முதல் மேப்பை 62 சென்ட்டில் வைத்திருக்கலாம். மேட்சைப் பற்றி எல்லோரோடும் ஒத்துப்போய்க்கொண்டே ஒரு மேப்பைப் பற்றி மட்டும் மாறுபட முடிகிறதே, அதுதான் தனி மேப் சந்தை தரும் வசதி. வேறெந்தச் சந்தையும் அதை இவ்வளவு நேரடியாகத் தருவதில்லை.

எண்களை நம்புவதில் ஒரு எச்சரிக்கை. "மிராஜில் கடைசி 10 ஆட்டத்தில் 7 வெற்றி" என்று பார்த்ததும் 70% என்று எழுதிவிடாதீர்கள். பத்து ஆட்டம் என்பது மிகச் சின்ன மாதிரி. அதில் வரும் 70% உண்மையில் 55 ஆகவும் இருக்கலாம், 85 ஆகவும் இருக்கலாம். அந்த ஏழு வெற்றியும் யாருக்கு எதிராக வந்தது என்று பாருங்கள். வீரர் மாறினாரா என்று பாருங்கள். மேப் பட்டியலும் மாறிக்கொண்டே இருக்கும். 2024 ஏப்ரலில் ஓவர்பாஸ் போய் டஸ்ட்2 வந்தது. 2025 ஜனவரியில் வெர்ட்டிகோ போய் டிரெயின் வந்தது, அதே ஆண்டு ஜூலையில் அனுபிஸ் போய் ஓவர்பாஸ் திரும்பியது. புதிதாக வந்த மேப்பில் பழைய கணக்கு எதுவும் இருக்காது. அந்த முதல் சில வாரங்களில் விலை வெறும் ஊகத்தில் ஓடும், பயிற்சியைத் தீவிரமாக எடுத்துக்கொள்ளும் அணி எது என்று தெரிந்தவருக்கு அதுவும் ஒரு வாய்ப்பு.

இதற்கு நேரெதிரான நிலையும் உண்டு. அஸ்ட்ராலிஸ் அணி தன் பொற்காலத்தில் நியூக்கில் நேரடி மேடைகளில் தொடர்ந்து 31 முறை வென்றது. அப்படிப்பட்ட சாதனை வந்துவிட்டால் விலையும் வானத்துக்குப் போய்விடும். அணி பலமானது என்பது வேறு, அந்த விலைக்கு வாங்கலாம் என்பது வேறு. 31-க்குப் பிறகு அந்தத் தொடரும் ஒருநாள் முடிந்தது.

மூன்றாவது மேப்: விதியைப் படிக்காமல் தொடக் கூடாத சந்தை

மூன்றாவது மேப் ஆடப்படாமலே போகலாம். மேட்ச் 2-0 என்று முடிந்தால் "மூன்றாவது மேப்பை யார் வெல்வார்" என்ற சந்தை என்ன ஆகும்? பதில் ஒவ்வொரு சந்தையின் விதியிலும் வேறு. சில இடத்தில் சந்தை ரத்து, போட்ட பணம் திரும்ப வரும். சில இடத்தில் இரண்டு பக்கத்துக்கும் 50 சென்ட் என்று முடிப்பார்கள். கேள்வியை "அ அணி மூன்றாவது மேப்பை வெல்லுமா" என்று ஆம்-இல்லை வடிவில் வைத்திருந்தால், ஆடாத மேப்பை வெல்லவில்லை என்று சொல்லி "இல்லை" என்று முடிக்கவும் வழி உண்டு.

மேலே சொன்ன அதே எண்களை இதில் போட்டுப் பாருங்கள். ரத்து விதியில் அ-வின் நியாயமான விலை 55 சென்ட். பாதிக்குப் பாதி விதியில் 52% வாய்ப்புக்கு 55, மீதி 48% வாய்ப்புக்கு 50, கூட்டினால் 52.6 சென்ட். ஆடாவிட்டால் "இல்லை" என்ற விதியில் 28.6 சென்ட். அணியும் மேப்பும் கணிப்பும் அதேதான், விதி மட்டும் மாறியதற்கு விலை பாதியாகிறது. மூன்றாவது விதியில் 40 சென்ட்டைப் பார்த்து "டிசைடரில் இவர்கள் 55 ஆயிற்றே, மலிவு" என்று வாங்குகிறவர் 11 சென்ட் அதிகம் கொடுக்கிறார்.

விதிப் பக்கத்தில் இன்னும் சிலவற்றைப் பார்க்க வேண்டும். ஒரு அணி வராமல் போய் மேப் வாக்ஓவராகக் கொடுக்கப்பட்டால் அது வெற்றியா? தொழில்நுட்பக் கோளாறால் மேப்பை முதலிலிருந்து திரும்ப ஆடினால் எந்த முடிவு எண்ணப்படும்? மேட்ச் மறுநாளுக்குத் தள்ளிப்போனால்? சில தொடர்களின் இறுதிப் போட்டியில் வின்னர்ஸ் பக்கத்திலிருந்து, அதாவது தோற்காமல் வரும் அணிக்கு 1-0 முன்னிலை கொடுத்துத் தொடங்குவார்கள். அங்கே "மேப் 1" என்பது முதலில் ஆடப்படும் மேப்பா, கொடுக்கப்பட்ட அந்த மேப்பா? இதற்கெல்லாம் விதியில் பதில் இல்லாத சந்தையை அப்படியே விட்டுவிடுவது நல்லது. மேட்ச் சந்தையில் இத்தனை குழப்பத்துக்கு இடமில்லை, யாரோ ஒருவர் அடுத்த சுற்றுக்குப் போயே ஆக வேண்டும்.

2-0, ஹேண்டிகேப், மொத்த மேப்

இவற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஹேண்டிகேப்பில் அ -1.5 என்றால் அ 2-0 என்று வெல்ல வேண்டும். அ +1.5 என்றால் ஒரு மேப்பாவது எடுக்க வேண்டும். மேலே உள்ள கணக்கில் இவை 31.5, 83.5. மொத்த மேப் 2.5-க்கு மேல், அதாவது மூன்றாவது மேப் வரும் என்றால் 52.

தனியாக வாங்குவதைவிட இவற்றைச் சரிபார்க்கும் கருவியாகப் பயன்படுத்துவதுதான் எனக்குப் பிடிக்கும். முதல் மேப் 70, இரண்டாவது 45 என்று விலை இருந்தால் 2-0 விலை 31.5-க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். நடைமுறையில் கொஞ்சம் கூடவே இருக்கும், ஏனென்றால் அன்றைக்கு நன்றாக ஆடும் அணி இரண்டு மேப்பிலும் நன்றாக ஆட வாய்ப்பு அதிகம். 2-0 விலை 26-இல் கிடந்தால் ஏதோ ஒன்று தவறு. மேப் விலை தவறா, 2-0 விலை தவறா என்று யோசிக்க அது தூண்டும்.

டோட்டா 2, லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் இரண்டிலும் களம் ஒன்றுதான். சந்தையில் "மேப் 1", "மேப் 2" என்று போட்டிருந்தாலும் அது முதல் ஆட்டம், இரண்டாவது ஆட்டம் என்றே பொருள். அங்கே வீட்டோவுக்குப் பதில் டிராஃப்ட்தான் (கதாபாத்திரங்களைத் தேர்ந்தெடுக்கும் கட்டம்) எல்லாம். 2025-இலிருந்து லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் தொடர்களில் ஒரு ஆட்டத்தில் எடுத்த கதாபாத்திரத்தை அதே தொடரில் இரண்டு அணியும் மறுபடி எடுக்க முடியாது. ஆகவே தொடர் நீள நீள, யாரிடம் அகலமான சரக்கு இருக்கிறது என்பது முக்கியமாகிறது. ஆட்டங்கள் ஒன்றையொன்று பாதிக்காது என்று மேலே போட்ட கணக்கு அங்கே செல்லாது. வேலரன்ட் மட்டும் கவுன்டர்-ஸ்ட்ரைக்குக்கு நெருக்கம்: அங்கும் வீட்டோ உண்டு, 13 ரவுண்ட் உண்டு. ஓவர்டைமில் மட்டும் இரண்டு ரவுண்ட் வித்தியாசம் வேண்டும்.

நேரலையில் மேப்

ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே மேப் விலை ரவுண்டுக்கு ரவுண்ட் துள்ளும். பார்க்கவே விறுவிறுப்பாக இருக்கும். இதில் சம்பாதிக்கும் அறிவு ஒன்று உண்மையிலேயே இருக்கிறது, அது ஆட்டத்துக்குள் ஆயுதம் வாங்கும் பணத்தின் பொருளாதாரம். முதல் ரவுண்டில் ஆளுக்கு 800 டாலர் ஆட்டப் பணம்தான், வெறும் பிஸ்டல். அதில் தோற்ற அணிக்குத் தோல்வி போனஸ் 1900-இல் தொடங்கி, தொடர்ந்து தோற்கத் தோற்க 500 கூடி 3400 வரை போகும். அதனால் ரவுண்ட் கணக்கில் 2-0 என்ற முன்னிலை பெரும்பாலும் பிஸ்டல் வெற்றியின் தொடர்ச்சிதான். இரண்டு பக்கமும் முழுத் துப்பாக்கியோடு மோதும் முதல் ரவுண்டில்தான் மேப்பின் உண்மை நிலை தெரியும். அதற்கு முன்பே விலை எகிறினால் அதை நம்ப வேண்டாம்.

பாதி ஆட்ட ஸ்கோரும் அப்படித்தான். நியூக் வழக்கமாகத் தடுக்கும் பக்கத்துக்குச் சாதகமான மேப். அங்கே தாக்கும் பக்கமாகத் தொடங்கி 6-6 என்று முடித்த அணி உண்மையில் முன்னால் இருக்கிறது. ஸ்கோர் சமம் என்பதால் விலையும் 50-இல் நின்றால் அது தவறு.

இவ்வளவும் தெரிந்த பிறகும் நேரலையை நான் கடைசியில்தான் வைப்பேன். காரணம் தாமதம். நீங்கள் பார்க்கும் ஒளிபரப்பு ஆட்டத்துக்குப் பின்னால் ஓடுகிறது. தரவை நேரடியாக வாங்குபவருக்கு ரவுண்ட் முடிவு உங்களுக்கு முன்பே தெரியும். குண்டு வைத்த பின் வெடிக்க 40 நொடி. ஒளிபரப்புத் தாமதம் அதைவிட அதிகமானால், நீங்கள் பதற்றத்தோடு பார்த்துக்கொண்டிருக்கும் ரவுண்ட் அவருக்கு ஏற்கெனவே முடிந்துபோன ரவுண்ட். உங்கள் ஆர்டரை மகிழ்ச்சியாக எடுத்துக்கொள்கிறவர் பெரும்பாலும் அவர்தான்.

மலிவு விலையின் மயக்கமும் உண்டு. 2018 ஜனவரி, பாஸ்டன் மேஜர் இறுதியில் கடைசி மேப் இன்ஃபெர்னோ. பழைய முறைப்படி 16 ரவுண்ட் வேண்டும். ஃபேஸ் 15-11 என்று ஒரே ஒரு ரவுண்ட் தூரத்தில் நிற்கிறது. ஒவ்வொரு ரவுண்டும் பாதிக்குப் பாதி என்று கொண்டால் கிளவுட்9 நான்கையும் எடுத்து ஓவர்டைம் போக 16-இல் ஒரு வாய்ப்பு, அதையும் வெல்ல மொத்தம் சுமார் 3%. கிளவுட்9 நான்கையும் எடுத்தது, ஓவர்டைமில் 22-19 என்று கோப்பையும் எடுத்தது. இந்த ஒரு நினைவை வைத்துக்கொண்டு 15-11 வரும்போதெல்லாம் பின்தங்கிய அணியை 6 சென்ட்டுக்கு வாங்குகிறவர்கள் ஏராளம். நியாய விலை 3 சென்ட் என்றால் 6 சென்ட் என்பது இரண்டு மடங்கு.

எந்த வகைச் சந்தையில்

ஆர்டர் புக் முறையில் வாங்குபவர், விற்பவர் விலைகள் வரிசையாக நிற்கும். மேட்சுக்கு 59-61 என்று இருக்கும் இடத்தில் தனி மேப்புக்கு 52-58 என்று இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். நடு விலை 55, உங்கள் கணிப்பு 60 என்றால் ஐந்து சென்ட் லாபம் என்று தோன்றும். 58-இல் வாங்கினால் மிஞ்சுவது இரண்டு, கட்டணம் போனால் இன்னும் குறைவு. அவசரமில்லாவிட்டால் 55-இல் ஆர்டர் போட்டுக் காத்திருங்கள். ஆனால் மேட்ச் தொடங்கியதும் மறக்காமல் அதை ரத்து செய்யுங்கள். இல்லாவிட்டால் ஆட்டம் உங்களுக்கு எதிராகத் திரும்பிய நொடியில்தான் அந்த ஆர்டர் நிறைவேறும். வாங்கியதை இடையில் விற்காமல் முடிவு வரை வைத்திருப்பதும் மேப் சந்தையில் நல்லது. விற்கப் போனால் அந்த ஆறு சென்ட் இடைவெளி இன்னொரு முறை குறுக்கே நிற்கும்.

தானியங்கி விலை முறையில் எப்போதும் ஒரு விலை கிடைக்கும், ஆனால் நீங்கள் வாங்க வாங்க அது ஏறும். பொருளாதார அறிஞர் ராபின் ஹான்சன் வடிவமைத்த மடக்கை விலை விதியில் நீர்மை அளவு (கூடக் கூட விலை மெதுவாக நகரும்) 100 என்று வைத்த சந்தை 50 சென்ட் காட்டுகிறது என்று வையுங்கள். 40 பங்கு வாங்கினால் கொடுப்பது சுமார் 22 டாலர். அதாவது பங்குக்கு சராசரி 55 சென்ட், வாங்கி முடிக்கும்போது விலை 60 ஆகியிருக்கும். திரையில் தெரிந்த 50 முதல் பங்குக்கு மட்டுமே. ஆள் குறைந்த மேப் சந்தைக்கு இந்த முறை பொருத்தம்தான், சின்ன அளவில் வாங்கும்வரை.

மூன்றாவது வழி, பணமே இல்லாத சந்தை. மேனிஃபோல்ட் போன்ற இடங்களில் விளையாட்டுப் பணத்தில் கேள்விகளை நாமே உருவாக்கலாம். அதுகூட வேண்டாம், ஒரு தாளில் ஒவ்வொரு மேப்புக்கும் உங்கள் சதவீதத்தையும் சந்தை விலையையும் எழுதி வைத்துக்கொண்டாலே போதும். முடிவு வந்ததும் பிரையர் மதிப்பெண் போடுங்கள்: கணிப்புக்கும் நடந்ததற்கும் உள்ள இடைவெளியின் வர்க்கம், குறைந்தால் நல்லது. 70% என்று சொன்னது நடந்தால் 0.3-இன் வர்க்கம் 0.09, நடக்காவிட்டால் 0.7-இன் வர்க்கம் 0.49. எதற்கும் 50% என்றே சொல்கிறவருக்கு எப்போதும் 0.25 வரும். நூறு மேப்புக்குப் பிறகும் உங்கள் சராசரி சந்தை விலையின் சராசரியைவிடக் குறையவில்லை என்றால் பணச் சந்தையில் உங்களுக்கு இன்னும் வேலையில்லை. ஆர்டர் புக்கில் ஒருவரின் லாபம் இன்னொருவரின் நஷ்டம். கட்டணத்தையும் கழித்தால் எல்லோருடைய கையிலிருப்பும் சேர்ந்து குறையவே செய்யும். இந்தச் சந்தைகள் தடைசெய்யப்பட்ட நாடுகளும் உண்டு, அங்கே இருப்பவர்களுக்கு இந்த மூன்றாவது வழி ஒன்றே வழி.

தோற்றுக்கொடுப்பது

மேப் சந்தையின் பெரிய பலவீனத்தை மறைக்க விரும்பவில்லை. பணத்துக்காக மேட்சையே தோற்றுக்கொடுத்தால் அணி தொடரிலிருந்தே வெளியேற நேரலாம். ஒரு மேப்பை மட்டும் விட்டுக்கொடுத்துவிட்டு மேட்சை 2-1 என்று வெல்ல முடியும், சந்தேகமும் குறைவாகவே எழும். 2014 ஆகஸ்டில் ஐபைபவர் அணி பலவீனமான நெட்கோட்கைட்ஸ் அணியிடம் ஒரே மேப் கொண்ட மேட்சில் 4-16 என்று தோற்றது. அது திட்டமிட்டது என்று வெளிவந்து, 2015 ஜனவரியில் கவுன்டர்-ஸ்ட்ரைக்கின் உரிமையாளரான வால்வ் நிறுவனம் சம்பந்தப்பட்டவர்களைத் தன் போட்டிகளிலிருந்து விலக்கியது. 2016-இல் ஈஸ்போர்ட்ஸ் நேர்மை ஆணையம் உருவானது. பெரிய மேடைகளில் கண்காணிப்பு கூடியிருக்கிறது. சம்பளம் சரியாக வராத கீழ்மட்ட ஆன்லைன் தொடர்களில் அந்த அளவுக்குப் பாதுகாப்பு கிடையாது. அங்கே நடக்கும் மேப் சந்தைகளைத் தொடவே வேண்டாம் என்பேன். காரணமே இல்லாமல் ஒரு மேப் விலை மட்டும் சரிந்து மேட்ச் விலை அசையாமல் நின்றால் "மலிவாகக் கிடைக்கிறதே" என்று ஓடாதீர்கள். உங்களுக்குத் தெரியாத ஏதோ ஒன்று யாருக்கோ தெரிந்திருக்கிறது.

நான் எதை எடுப்பேன்

அணிகளைப் பொதுவாகத் தெரியும், ஒவ்வொரு மேப்பிலும் எப்படி ஆடுகிறார்கள் என்று தெரியாது என்றால் மேட்ச் சந்தை, அதுவும் சின்ன அளவில். பெரிய தொடர், வீட்டோ வெளிவந்துவிட்டது, அந்த மேப்பில் இரண்டு அணியையும் சமீபத்தில் பார்த்திருக்கிறீர்கள், ஸ்ப்ரெட்டைக் கழித்த பிறகும் ஐந்து சென்ட்டாவது மிஞ்சுகிறது என்றால் முதல் மேப் அல்லது இரண்டாவது மேப். இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் மேப் சந்தையைவிட்டு நான் மேட்ச் சந்தைக்கே போவேன், அங்கேயும் வித்தியாசம் இல்லையென்றால் ஆட்டத்தை மட்டும் பார்ப்பேன்.

முதல் இரண்டு மேப்புக்குள் எது என்று கேட்டால், நான் வாங்க நினைக்கும் அணியின் எதிரணி செய்த பிக்கைத்தான் முதலில் பார்ப்பேன். தன் அணி பிக் செய்த மேப் என்றால் ரசிகர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவார்கள், அந்தப் பக்கம் விலை ஏறியே இருக்கும். பிக் செய்த அணிக்கு எதிராக நிற்பவர் அந்த மேப்பை எத்தனை முறை பேன் செய்யாமல் விட்டிருக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். பேன் செய்ய வாய்ப்பிருந்தும் அடிக்கடி திறந்து விடுகிறார் என்றால் அந்த மேப் அவருக்குப் பயமில்லாத மேப். வீட்டோ பட்டியலிலேயே கிடைக்கும் இந்தத் தகவல் வெற்றி-தோல்விக் கணக்கில் வராது. மேப் விலையிலும் பெரும்பாலும் தாமதமாகத்தான் ஏறும்.